கொச்சியில் பழைய பாய்மரப் படகு: உள் எஞ்சினை எப்படிப் பார்த்து வாங்குவது?

திருநகர்வாசி:

வணக்கம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகு வாங்கப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். "வைகையில் கணுக்கால் நனையத் தண்ணீர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் அப்பா. சென்னையில் படித்த காலத்தில் சின்னப் பாய்ப்படகில் பழகியவன் நான். அதில் எஞ்சின் கிடையாது. காற்று, பாய், கயிறு, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது கொச்சியில் ஒரு படகு விலைக்கு வந்திருக்கிறது. 27 அடி, ஃபைபர், 1988-ல் கட்டியது. உள்ளே யான்மார் 2ஜிஎம்20 டீசல், படகோடு வந்த அதே எஞ்சின். மீட்டர் 1,140 மணி காட்டுகிறது. "வருடத்துக்கு முப்பது மணிதான் ஓடியிருக்கு, புது எஞ்சின் மாதிரி" என்கிறார் விற்பவர். கடைசி இரண்டு வருடம் அதிகம் எடுக்கவில்லையாம். படகின் உடம்பும் பாயும் எனக்குத் திருப்தி. எஞ்சினைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. புதுசு போடவேண்டி வந்தால் படகு விலையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். சனிக்கிழமை போகிறேன். எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

வண்டியூர்க்காரன்:

பழைய எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு 10 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகுக்கு வெளியே தொங்குகிற எஞ்சின்) மாட்டுங்கள். தலைவலி தீர்ந்தது.

கொடிக்கால்:

தம்பி, நான் சோழவந்தான். முப்பது வருடமாக ஆயில் எஞ்சின் மெக்கானிக். நடுவில் ஒன்பது வருடம் தூத்துக்குடியில் படகுப் பட்டறை. நீங்கள் சொல்லும் இதே குடும்பத்து எஞ்சின்கள் சிலதைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். வண்டியூர்க்காரர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அலையில் படகின் பின்பக்கம் தூக்கும்போது அவுட்போர்டின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும். அந்த எடைக்கு உள் எஞ்சின்தான் பொருத்தம். அதனால் முதலில் இருப்பதைப் பார்ப்போம்.

இன்றைக்கே விற்பவருக்குப் போன் போட்டு ஒன்று சொல்லுங்கள்: "நான் வந்து தொடும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போய் இறங்கியதும் எஞ்சின் தலையில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. டீ குடித்துவிட்டு மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மச்சானுக்காகத் திருமங்கலம் பக்கம் 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சின் ஒன்று வாங்கப் போனேன். நாங்கள் போகும்போதே அது கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்தது. அருமையான சத்தம், புகையே இல்லை. விற்றவர் இளநீர் வேறு வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் விடியற்காலையில் ஹேண்டில் போட்டால் முக்கால் மணி நேரம் ஆகியும் பிடிக்கவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற அழுத்தம், போயிருந்தது. ஆயிலோடு கியர் ஆயிலைக் கலந்து கெட்டியாக்கி, சூடேற்றி வைத்திருந்திருக்கிறார்கள். மெக்கானிக் நானே ஏமாந்தேன் என்பதால் மச்சான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அடுத்தது அந்த 1,140 மணி. அதைக் கேட்டு மயங்க வேண்டாம். எங்கள் ஊரில் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஒரே வேகத்தில், ஒரே பாரத்தில் மணிக்கணக்காக ஓடும். அதனால்தான் அது முப்பது வருடம் உழைக்கிறது. பாய்மரப் படகு எஞ்சினின் பிழைப்பு வேறு. துறைமுகத்தை விட்டு வெளியே வரப் பத்து நிமிடம் ஓடும், சூடேறுவதற்குள் அணைத்துவிட்டுப் பாயை ஏற்றுவார்கள். இல்லையென்றால் பாட்டரி சார்ஜ் ஏற்றப் பாரமே இல்லாமல் மந்தமாக ஓடவிடுவார்கள். சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாகி ஆயில் தின்னும், கரி பிடிக்கும். மீதி நேரம் உப்புக்காற்றில் சும்மா கிடக்கும். ஓடி ஓடிச் செத்த பாய்மரப் படகு எஞ்சினை நான் பார்த்ததில்லை. சும்மா கிடந்து செத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் 2ஜிஎம்20 என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினில் அடித்திருக்கும் தகட்டை நன்றாகப் படியுங்கள். கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே நல்ல தண்ணீர் சுற்றும், கடல்நீர் தனியாக வெளியே ஓடி அதைக் குளிர்விக்கும். எஃப் இல்லையென்றால் கடல்நீரே நேராக இரும்புக்குள் ஓடுகிறது என்று அர்த்தம். நம் ஊர் போர்த் தண்ணீரில் வாட்டர் ஹீட்டர் சுருள் என்ன கதி ஆகிறது என்று தெரியுமல்லவா? அதே கதிதான். சூடு கூடினால் உப்பு அதிகமாகப் படியும் என்பதால் கடல்நீர் ஓடும் மாடலில், சூடு பார்த்துத் தண்ணீர் வழியைத் திறக்கிற தெர்மோஸ்டாட் 42 டிகிரியிலேயே திறந்துவிடும். எஃப் மாடலில் 71 டிகிரி. தண்ணீர் வழி அடைத்து எஞ்சின் சூடானால் சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு விற்பார்கள். அதனால் 'சூடே ஆகலை சார்' என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். தூரத்திலிருந்து சூடு அளக்கிற துப்பாக்கி மாதிரிக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள்.

கடல்நீர் மாடல் என்றால் உள்ளே துத்தநாகக் கட்டை இருக்கும். இரும்புக்குப் பதிலாக அது கரையவேண்டும், அதற்காக வைத்தது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "அது என்னது?" என்று திருப்பிக் கேட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஸ்டார்ட் பண்ணும் முன் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். கருப்பாக இருந்தால் பயமில்லை, டீசல் எஞ்சின் ஆயில் கருக்கத்தான் செய்யும். பால் விட்ட டீ நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவுக்கோட்டுக்கு மேலே நின்றால் டீசலோ கடல்நீரோ உள்ளே இறங்குகிறது. தேன் நிறத்தில் பளபளவென்று புது ஆயில் இருந்தால் ஏன் நேற்று மாற்றினார் என்று யோசியுங்கள். வால்வு மூடியின் மேலே சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற சின்ன டிகம்ப்ரஷன் லீவர்கள் இருக்கும். ஒரு சிலிண்டரின் லீவரை மட்டும் தூக்கிவிட்டு, முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு ஓடுகிற திசையிலேயே சுற்றுங்கள். மற்ற சிலிண்டர் கையைத் திருப்பித் தள்ளவேண்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தள்ளினால் பாதிக் கவலை போச்சு.

சரி, இப்போது ஸ்டார்ட். பிடிக்கவில்லையென்றால் விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். எஞ்சின் ஓடாமலே பம்பு கடல்நீரை இழுத்து சைலன்சரை நிரப்பும், அங்கிருந்து அது சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடுதான் வளையும். நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, பிடித்த அடுத்த நொடியில் திறந்துவிடுங்கள்.

பிடித்ததும் பின்பக்கம் போய் நில்லுங்கள். புகையோடு தண்ணீர் புளிச் புளிச்சென்று துப்பவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் சரி. நீலம் நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பாரத்தில் கருப்பு வந்தால் அவசரப்பட்டு எஞ்சினைத் திட்டாதீர்கள், படகின் அடியிலும் விசிறியிலும் சிப்பி ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் வரும். கட்டிப்போட்ட படகில் ஐந்து நிமிடம் உறுமவிட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியே ஓட்டச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம், முக்கால் வேகத்துக்கு மேல். உச்ச வேகம் 3,600 சுற்று. அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லையென்றால் காரணம் தேடவேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். புகையும் தண்ணீரும் கலக்கிற வளைந்த இரும்பு எல்போ. இந்த எஞ்சின்களில் கரியும் உப்பும் சேர்ந்து முதலில் அடைப்பது அங்கேதான். கெஞ்சியாவது அதைக் கழற்றிப் பாருங்கள்.

முத்துநகர்:

அண்ணன் முழுசாகச் சொல்லிவிட்டார். இரண்டு சேர்க்கிறேன். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்ட்களைக் கையால் அழுத்திப் பாருங்கள், டீசலில் ஊறி அப்பளம் மாதிரி இருந்தால் விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட் நேராக நிற்காது. ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில், பழைய கயிறு அடைக்கிற வகை என்றால், ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது சரி, ஒழுகக்கூடாது. இன்னொன்று, டீசல் டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து அரை மணி வையுங்கள். இரண்டு வருடம் கிடந்த டேங்க் என்றால் கீழே தண்ணீரும் கருப்புக் கொழகொழப்பும் இருக்க வாய்ப்பு அதிகம். அலையில் அது கலங்கி ஃபில்டரை அடைத்து, எஞ்சின் தேவைப்படும் நேரம் பார்த்து நிற்கும்.

திருநகர்வாசி:

போய்வந்தேன். கொடிக்கால் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. போன் போட்டுச் சொல்லியிருந்தும் எஞ்சின் தலை சூடு. "சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம்" என்றார். எர்ணாகுளத்தில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை ஆறரைக்குப் போய் நின்றேன்.

குளிர்ந்த எஞ்சின் இரண்டாவது முயற்சியில் பிடித்தது. இரண்டு சிலிண்டரும் ஸ்பேனரை ஒரே மாதிரி தள்ளின. ஆயில் கருப்பு, தண்ணீர் இல்லை. தகட்டில் எஃப் இல்லை. துத்தநாகக் கட்டை ஒன்று சுண்டுவிரல் நகம் அளவு மிச்சம், இன்னொன்றின் மூடி அசையவே இல்லை. வெளியே ஓட்டியபோது இருபது நிமிடம்வரை 45 டிகிரியைத் தாண்டவில்லை. அதற்கப்புறம் 2,800-க்கு மேல் முடுக்கினால் 60-ஐத் தாண்டியது. எல்போவைக் கழற்றக் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஓட்டைக்குள் பென்சில் போகிறது, விரல் போகவில்லை. டீசலில் முத்துநகர் சொன்ன கொழகொழப்பும் இருந்தது. வாங்கலாமா, விடலாமா?

கொடிக்கால்:

கம்ப்ரஷன் இருக்கிறது, ஆயிலில் தண்ணீர் இல்லை. ஆள் பிழைப்பான். எல்போ தேய்மானச் சாமான்தான், அதை வைத்துப் படகை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அசையாத அந்த மூடிதான் எனக்கு உறுத்துகிறது. உள்ளே தண்ணீர் வழி எவ்வளவு அடைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

அதனால் இப்படிப் பேசுங்கள். எல்போ, தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் இம்பெல்லர், தெர்மோஸ்டாட், டேங்க் சுத்தம், உள்ளே உப்பு கரைக்கும் மருந்து விட்டுக் கழுவுவது, இரண்டு மூன்று நாள் மெக்கானிக் கூலி. எல்லாவற்றையும் கணக்குப் போட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முன்பணம் மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். புது எல்போ போட்டு, கழுவி முடித்து, மறுபடி ஒரு மணி நேரம் 3,000-க்கு மேல் ஓட்டுங்கள். சூடு ஒரே இடத்தில் நின்றால் வாங்கிவிடுங்கள். அப்போதும் ஏறினால் அது எஞ்சின் இல்லாத படகின் விலைக்குத்தான் பெறும். வெளிநாட்டில் கட்டிய படகு என்றால் சுங்கவரி கட்டிய தாளை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், அது என் பாடமில்லை.

பழைய எல்போவை அங்கேயே எறிந்துவிடாதீர்கள் தம்பி. பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பட்டறைப் பையன்களுக்குக் காட்டவேண்டும்.