மிடில் எர்த்ல எந்த இனம், எந்த ஊரு? முடிவு பண்ண ஹெல்ப் பண்ணுங்க

மக்களே, டோல்கீனோட 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதை உலகமான மிடில் எர்த்ல பொறக்க ஒரு சான்ஸ் கிடைச்சா நீங்க எந்த இனமா, எங்க இருப்பீங்க? ரொம்ப யோசிச்சும் எனக்கு முடிவுக்கு வர முடியல.

எல்ஃப்னா அவங்களோட பள்ளத்தாக்கு ஊரான ரிவெண்டெல்தான், அருவி சத்தம், பழைய பாட்டு, நோயும் கிடையாது வயசாகி சாவும் கிடையாது, ஆனா அந்த உலகம் முடியிற வரைக்கும் அதோடயே இருக்கணும், பிடிச்ச மனுசங்க ஒவ்வொருத்தரா போறத பாத்துட்டே இருக்கணும், அத நெனச்சாலே மனசு கனக்குது. சின்ன உருவ ஹாபிட்டா அவங்க கிராமத்து நாடான ஷயர்ல இருந்தா நிம்மதி, 33 வயசுலதான் மேஜரே, ஆனா வெளி உலகம் பாக்காமயே போயிடுமோன்னு இருக்கு.

என் மனசு குள்ளர் இனமான ட்வார்ஃப் பக்கம்தான் சாயுது. சுமார் 250 வருஷ ஆயுசு, கல்லுலயும் உலோகத்துலயும் பொறுமையா வேலை, இதவிட என்ன வேணும். அவங்களோட பழைய சுரங்க ஊரான மோரியா வேணாம், பால்ராக்ங்கிற நெருப்புப் பூதம் முழிச்சதுல மூணாம் யுகம் 1981லயே ஊரே காலி. அவங்களோட மலை ஊரான எரெபோர் ஓகே, அதுவும் 2941ல ஸ்மாக்ங்கிற டிராகன் செத்ததுக்கு அப்புறம்.

நீளமான ஆயுசா, ஷயர் மாதிரி அமைதியா, கை வேலையா, நீங்க எத வச்சு முடிவு பண்ணுவீங்க? ரோஹன், கோண்டோர்னு மனுசங்க நாடு பிடிச்சவங்களும் காரணத்தோட சொல்லுங்க ப்ளீஸ், மனுச இனத்த நான் இன்னும் சரியா யோசிக்கவே இல்ல.