கடல் மீன் தொட்டிக்கு வீட்டிலேயே உறைய வைத்த உணவு: வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்கள் வீட்டில் உள்ள 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு நெமோ, மூன்று டாம்செல், ஒரு மஞ்சள் டாங் என ஆறு மீன்கள் வளர்கின்றன. தொடக்கத்தில் உறைந்த உணவுக் கட்டிகளைச் சென்னையில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து ரயிலில் காட்பாடி வரை கொண்டுவருவேன். ஒரு மே மாதம் வண்டி தாமதமாகி, வீட்டில் பெட்டியைத் திறந்தபோது அத்தனையும் உருகி நீராகிக் கிடந்தது. உருகியதை மறுபடி உறைய வைத்துக் கொடுக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இனி வீட்டிலேயே செய்வதென்று முடிவெடுத்தேன்.

காலையிலேயே மீன் மார்க்கெட்டுக்குப் போய்க் கால் கிலோ இறால், 150 கிராம் கடம்பா (கணவாய்), 100 கிராம் சங்கரா வாங்குகிறேன். பாக்கெட் இறாலைத் தொடுவதில்லை. எடை குறையாமல் இருக்கப் பாஸ்பேட் கலந்த நீரில் அதை ஊறவைப்பது உண்டு, அது தொட்டிக்குள் போனால் பாசிதான் செழிக்கும். ஓட்டையும் குடலையும் நீக்கி, ஆர்ஓ தண்ணீரில் இரண்டு முறை அலசுகிறேன். டாங் தாவர உணவை நாடும் மீன் என்பதால், உப்பும் எண்ணெயும் சேராத நோரிக் கடற்பாசித் தாள் இரண்டைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கிறேன்.

முதல் முறை எல்லாவற்றையும் மிக்சியில் போட்டுச் சட்னி போல அரைத்துவிட்டேன். மறுநாள் தொட்டி நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பை நுரை தளும்பி வழிந்தது. மீன் வாயில் சிக்காத நுண்துகள்தான் வடிகட்டியில் தங்கி அழுகி, அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அன்று முதல் பாதி உறைந்த நிலையில் கத்தியால்தான் நறுக்குகிறேன்: டாம்செலுக்குக் கடுகளவு, டாங்குக்கு மிளகளவு.

கலவை பிரியாமல் பிடித்துக்கொள்ள ஜெலட்டின் நம் ஊர்க் கோடைக்கு ஒத்துவரவில்லை. கிண்ணத்தில் இளகும்போதே கூழாகிவிட்டது. அதற்குப் பதில் எடுத்துக்கொண்ட சைனா கிராஸ் (அகர்) ஒருமுறை இறுகினால் கொதிநிலைக்கு அருகில்தான் மறுபடி உருகும். அதைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பிரிட்ஜிலிருந்து முன்பே எடுத்து வைத்த கலவையில் ஊற்றி வேகமாகக் கிளற வேண்டும். கலவை சில்லென்று இருந்தால் ஊற்றிய இடத்திலேயே திரிந்துவிடும். பிறகு ஜிப் பையில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, கத்தி முதுகால் கோடு போட்டு ஃபிரீசரில் வைத்தால், வேளைக்கு ஒன்றாகக் கடலை மிட்டாய் உடைப்பதுபோல் உடைத்துக்கொள்ளலாம். உடைத்த துண்டைத் தொட்டி நீரிலேயே இளகவிட்டு, டீ வடிகட்டியில் வடித்து, சாற்றைக் கொட்டிவிட்டுத்தான் ஊட்டுகிறேன்.

டாங் இரண்டு நாள் வாயில் வாங்கித் துப்பியது. மூன்றாம் நாள் இறால் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, நோரியின் பச்சைத் துணுக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது. அன்று மாலை தொட்டியை விட்டு எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா, விலை மலிவு என்று நான் ஏரிக் கெண்டையைச் சேர்த்துச் சில மாதங்கள் கொடுத்துவந்தேன். கெண்டை இனங்கள் பலவற்றின் பச்சை இறைச்சியில் உள்ள தயாமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும் என்பதும், கடல் மீனுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு கடலிலிருந்து வரும் உணவில்தான் நிறைவாகக் கிடைக்கும் என்பதும் பிறகே தெரிந்தது, உடனே நிறுத்திவிட்டேன். கோழி ஈரலையும் யாரும் சேர்க்க வேண்டாம். அந்தக் கொழுப்பு கடல் மீனுக்கு எளிதில் செரிக்காது. நீரின் மேலும் எண்ணெய்ப் படலம் கட்டும்.

மின்வெட்டுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். சிறு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃபிரீசரிலேயே விட்டுவிடுவேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் உணவைப் பயன்படுத்துவேன். அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பையோடு எடுத்து எறிந்துவிடுவேன்.