கலைச்சொல் உதவி: 'நாள் முடிவு நேரம்' சரிப்படவில்லை

வணக்கம்.

உணவக பில்லிங் மென்பொருளின் அமைப்புத் திரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'டே எண்ட் டைம்' என்கிற பெட்டியில் மாட்டிக்கொண்டேன். இப்போதைக்கு 'நாள் முடிவு நேரம்' என்று போட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் யோசிக்காமல் 12 என்று தட்டிவிடுகிறார்கள்.

கிருஷ்ணகிரி பைபாஸில் ஓர் உணவகம். சென்னை, பெங்களூரு, சேலம் என்று மூன்று பக்கமும் வண்டி போகிற இடம். அடுப்பு அணைவதே இல்லை. ராத்திரி ஷிப்ட் காலை 6 மணிக்குத்தான் கல்லாவை ஒப்படைக்கும். வெள்ளி ராத்திரி 12.40க்குப் போட்ட பரோட்டா பில் வெள்ளிக்கிழமைக் கணக்கில் நிற்க வேண்டும். இரண்டு வருஷமாக அப்படித்தான் நின்றது. அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. பில் தேதியைச் சர்வரிலிருந்து எடுத்தேன். சர்வர் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அங்கே தேதி மாறும்போது இங்கே காலை 5.30. தப்பு தானாகவே ஷிப்ட்டோடு பொருந்திவிட்டது!

ஆடிட்டர் பிடித்துவிட்டார். பில்லில் 31-03, அதே பில்லின் யுபிஐ வரவில் 01-04. நேரத்தைத் திருத்தினேன். மறுநாளே முதலாளி போனில், "நல்லா ஓடுனதை எதுக்குப்பா நோண்டுன?"

மார்ச் 31 ராத்திரி 12.40 பில்லுக்குத் தேதி ஏப்ரல் 1. புது நிதியாண்டு, ஏப்ரல் மாத ஜிஎஸ்டி. கல்லாக் கணக்கில் மட்டும் அது 31ஆம் தேதி வியாபாரம். ஆக ஒரே பில்லுக்கு இரண்டு நாள். 'பில் தேதி', 'கணக்கு நாள்' என்று பிரித்துவிட்டேன். கணக்கு நாள் மாறுகிற அந்த மணிக்குத்தான் சொல் வேண்டும். 'நாள்மாற்ற நேரம்', 'கணக்கடைப்பு நேரம்' இரண்டும் தோன்றின.

———

> கணக்கடைப்பு நேரம்

தம்பி, அடைப்பு வேண்டாம். கடையடைப்பு என்று படித்துவிட்டு இன்றைக்கு என்ன பந்த் என்று கேட்பார்கள். 'நாள்மாற்றம்' பழுதில்லாத சொல்தான், ஆனால் அதுவும் ஆளை 12க்கே இழுக்கும்.

எங்கள் தர்மபுரிப் பக்கம் 'வெள்ளிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா சனி' என்போம். பஞ்சாங்கத்திலும் கிழமை மாறுவது சூரிய உதயத்தில்தான். விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் முந்தின நாள் கிழமையை எழுதுகிறார்கள். நாழிகை எண்ணுவதும் உதயத்திலிருந்தே. பைபாஸ் கேஷியருக்கும் அதே கணக்குதான். அவரிடம் போய் நாள் எப்போது முடியும் என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். எப்போது விடியும் என்று கேளுங்கள்.

'விடிமணி' என்று வைக்கலாமா? விடிகாலை, விடிவெள்ளி மாதிரி வினைத்தொகை. பெட்டிக்குள்ளும் அடங்கும்.

———

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஒரே ஓர் இடறல்: இதே பெட்டி லாட்ஜ் பில்லிங்கிலும் வருகிறது. அங்கே அறை வாடகை நாள் பகல் 12க்கு மாறும். பகலில் எப்படி விடியும்?

———

விடியாதுதான். லாட்ஜுக்கு 'நாள்மாற்ற நேரம்' இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றிலேயே முட்டிக்கொள்ள வேண்டுமா என்ன?

———

சரி, பிரித்துவிட்டேன். நேற்று ராத்திரி விளக்கம் எதுவும் சொல்லாமல் திரையைக் கேஷியர் முன்னால் வைத்தேன். 'கணக்கு நாள் விடிமணி' என்று வாய்விட்டுப் படித்தார். "ஆறு போடவா, பழையபடி அஞ்சரையா சார்?"

ஆறே போடச் சொன்னேன். அஞ்சரை சர்வரோட விடியல்.