ஈயத் தகட்டில் ஒரு முற்றம்

மகனைப் பார்க்க ஆஸ்டின் போயிருந்தபோது, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்துக்கு அழைத்துப் போனான். கேமராவில் எடுத்து இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய படம் அங்கேதான் இருக்கிறது. பிரான்ஸில் தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நிசெஃபோர் நியெப்ஸ் 1826-27 வாக்கில் எடுத்தது. ஆவலாகப் போய் நின்றேன். தெரிந்தது வெறும் பளபளப்பு.

படம் இருப்பது பியூட்டர் தகட்டில். நம் ரசம் வைக்கும் ஈயச்சொம்புக்குப் பங்காளி. இப்படி நகர்ந்து, அப்படிச் சாய்ந்து, கடைசியில் முட்டியை மடக்கியபோது சட்டென்று ஒரு கூரைச் சரிவு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் இடப்பக்கம் புறாமாடம். கொஞ்சம் அசைந்தேன், மறுபடியும் வெறும் தகடு. "அப்பா, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்றான் மகன்.

புத்தகங்களில் தெளிவாக வருகிறதே, அது 1952-இல் தகட்டைத் தேடிக் கண்டுபிடித்த புகைப்பட வரலாற்றாளர் கெர்ன்ஷைம் ஒரு நகலின் மேல் நீர்வண்ணம் தொட்டுத் திருத்தியதாம். இத்தனை வருடம் அதைத்தான் அசல் என்று நம்பியிருக்கிறேன்!

தகட்டில் பூசிய, தார் போன்ற நிலக்கீல் வெயில் பட்ட இடத்தில் இறுகும். இறுகாததை லாவெண்டர் எண்ணெய் கலந்த கரைசலால் நியெப்ஸ் கழுவிவிடுவார். வெயிலில் இறுகத்தான் பல மணி நேரம் பிடித்திருக்கிறது. பல நாட்கள் என்போரும் உண்டு. அதற்குள் சூரியன் இடம் மாறிவிட, முற்றத்தின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் அடிக்கிறது. அச்சுப்படங்களை உளி இல்லாமல் வெளிச்சத்தாலேயே நகலெடுக்க முயன்றவர் அவர். அந்த முயற்சிதான் ஜன்னல் வரை வந்திருக்கிறது.

* * *

ஐயா, உங்கள் கட்டுரையில் நீங்கள் முட்டி மடக்கியதைப் படித்ததும் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம் நினைவுக்கு வந்தது. ஓவியர் மோனேயின் படங்களைப் பார்க்க மொய்த்த கூட்டத்துக்குத் தப்பி ஒதுங்கிய இடத்தில் கண்ணாடிக்குள் 36 மண் தலைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண். சுடாத களிமண்ணுக்கு மேல் வண்ணம். கொலு என்றே நினைத்தேன். எல்லாம் மன்னர் லூயி பிலிப் காலத்துப் பிரமுகர்கள், பெரும்பாலும் அரசியல்வாதிகள்! ஓவியர் தோமியே இவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு கல்லச்சில் கேலிச்சித்திரம் வரைந்திருக்கிறார். மன்னரையே பெருந்தீனிக்காரராக வரைந்ததற்கு 1832-இல் சிறைக்கும் போனவர். பெரிய தலை, குட்டி உடம்பு என்று நம் பத்திரிகைகளில் இன்றும் வரைகிறார்களே, அதை அவர் அப்போதே செய்திருக்கிறார்.

மூக்கு முடியுமுன் தாடை தொடங்கிவிடும் ஒருவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காவலுக்கு நின்ற அம்மாள் முறைப்பார் என்று திரும்பினால், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.