ஸ்காபரோ, மார்க்கம் பிள்ளைகளே, ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. என்ர அக்காவின்ர மகனுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றத்தான் வேணும் எண்டு டொக்டர்மார் சொல்லீட்டினம். அவன்ர தங்கச்சியின்ரது பொருந்தேல்ல. கூடப்பிறந்ததுகளுக்குள்ளேயே 4ல 1 வாய்ப்புத்தானாம்.

இதுக்கு ரத்த குறூப் முக்கியமில்ல, எச்.எல்.ஏ. எண்டு செல்லுகளின்ர மேல இருக்கிற அடையாளப் புரதங்கள் பொருந்தவேணும். அது பரம்பரையா வாறது. அதால எங்கட ஆக்களிட்டத்தான் கிடைக்கிற சாத்தியம் கூட. ஆனா தானம் குடுக்க முன்வாறவையின்ர பதிவேட்டில எங்கட ஆக்கள் குறைவு.

17இலிருந்து 35 வயதுக்குள்ள சுகமா இருக்கிறவை கனேடியன் பிளட் சேர்விசஸ் இணையத்தளத்தில பதியலாம். வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். பஞ்சுக்குச்சியால கன்னத்தின்ர உள்பக்கத்தைத் தேச்சுத் தபாலில போட்டாச் சரி. காசில்லை.

முள்ளந்தண்டில ஊசி குத்துவினம் எண்டு அம்மாமார் பயப்பிடுகினம். இல்லையம்மா. அனேகமா கையில இருந்து ரத்தம் எடுத்து, ரத்தத்தை உண்டாக்கிற ஸ்டெம் செல்லை மட்டும் பிரிச்சு, மிச்சத்தைத் திருப்பி ஏத்துவினம். மஜ்ஜையே எடுத்தாலும் இடுப்பெலும்பில, மயக்க மருந்து தந்துதான்.

பேருக்குப் பதிய வேண்டாம். கூப்பிட்டா வருவன் எண்டு மனசு சொன்னாப் பதியுங்கோ. கோயில் திருவிழாவில ஒரு மேசை போட ரெண்டு மூண்டு பேர் வேணும், ஏலுமானவை கீழ எழுதுங்கோ.