டெலஸ்கோப்பில் அரை நிலா வெளுத்துப்போய் வருது: ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?

கேள்வி:
150 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடி வச்ச டெலஸ்கோப்), குவியத்தூரம் 1200 மி.மீ., டாப்சோனியன் தாங்கி, மோட்டார் கிடையாது. ஐபீஸைக் கழற்றிட்டு டி-ரிங் (கேமராவை இணைக்கிற வளையம்) வழியா டிஎஸ்எல்ஆரை நேரா மாட்டியிருக்கேன், ஃபோகஸ் கிடைக்குது. ஐஎஸ்ஓ 400, ஏவி மோடு (ஷட்டரைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்). கேமரா 1/4 வினாடி எடுத்துக்குது, ஒரு பள்ளம்கூடத் தெரியல. காம்பன்சேஷன் (வெளிச்சத் திருத்தம்) −2 வச்சும் அதே கதைதான்.

பதில் 1:
கேமராவின் ஒளி மீட்டரை விட்டுடுங்க. ஃபிரேமில் பெரும்பகுதி கருவானம். அதையும் சேர்த்து சராசரி பார்த்து ஷட்டரை நீட்டுது. எம் மோடுக்கு (ஷட்டரை நாமே வைக்கிறது) வாங்க. முழுநிலாவுக்கு எஃப்/11-ல் ஷட்டர் 1/ஐஎஸ்ஓ என்பது பழைய கணக்கு. உங்களுடையது 1200/150, அதாவது எஃப்/8, ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, வெளிச்சம் கூடுதல். ஐஎஸ்ஓ 400-ல் முழுநிலாவுக்கு 1/800. அரை நிலாவில் வெயில் சாய்வா விழுறதால ரெண்டு ஸ்டாப் கூட்டணும்: 1/200. பிறை என்றால் 1/100. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஒரு ஸ்டாப் கேட்கும்.

பதில் 2:
1/200 தொடக்கப்புள்ளிதான். எடுத்ததும் படத்தைப் பெரிசாக்கி, வளர்பிறை அரை நிலா என்றால் நிலாவின் கிரைசியம் கடலுக்கு (கருத்த சமவெளி) மேற்கே இருக்கும் புரோக்ளஸ் பள்ளத்தைப் பாருங்க. அந்தப் பக்கத்தில் சீக்கிரம் வெளுக்கிறது அதுதான். அதில் விவரம் இருந்தால் மிச்சமெல்லாம் தப்பிச்சிடும். ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் கோபுரம் வானம், அதைக் கண்டுக்காதீங்க. வலப்பக்கச் சின்ன மேடுதான் நிலா. அது வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கணும். இருட்டில் திரையின் வெளிச்சத்தை வச்சு முடிவு பண்ணவே கூடாது.

கேட்டவர்:
1/200-ல் வெளிச்சம் சரியாயிடுச்சு, நன்றி. ஆனா கொஞ்சம் மழுங்கலா இருக்கு. 2x பார்லோ (குவியத்தூரத்தை ரெண்டு மடங்காக்கும் லென்ஸ்) போட்டால் என்ன வைக்கணும்?

பதில் 1:
பார்லோ போட்டால் எஃப்/16, வெளிச்சம் கால்வாசிதான். ஐஎஸ்ஓ 400-ல் 1/50 ஆகும்; ஐஎஸ்ஓவை 800 ஆக்கி 1/100 வைங்க. மழுங்கலுக்கு வானச் சுழற்சி காரணமில்லை: வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நகர்ந்தாலும் 1/200-ல் 0.1-க்கும் கீழேதான். எல்லாப் பள்ளமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமராவின் கண்ணாடி அடிக்கிற அதிர்வு. மிரர் லாக்-அப் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கிறது), 2 வினாடி டைமர் ரெண்டும் போடுங்க, ஷட்டர் பட்டனைக் கையால் தொட்ட அதிர்வும் அதற்குள் அடங்கிடும். ஃபிரேமுக்கு ஃபிரேம் விளிம்பு வேற வேற மாதிரி நெளிந்தால் காற்று. ஐம்பது எடுத்து நல்லதைப் பொறுக்குங்க, வேற வழியில்லை.

பதில் 2:
ரா-வில் (கேமராவின் பதப்படுத்தாத கோப்பு) எடுங்க. இருள்கோட்டு (நிலாவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கிற கோடு) ஓரம் கருத்துத் தெரிஞ்சா பிறகு தூக்கிக்கலாம், வெளுத்த புரோக்ளஸை மீட்கவே முடியாது.