புதுப்பிப்பு: ஜப்பான் பயணத்துக்கு அடாப்டர் மட்டும் போதுமா?

ஜப்பானுக்கு இரண்டு தட்டைப் பின் உள்ள அடாப்டர் போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "அப்போ கெட்டில்?" என்று பலர் கேட்டதால் இது.

அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அங்கே 100 வோல்ட், நம்மூரில் 230. போன், லேப்டாப் சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240' என்று இருந்தால் கவலையே வேண்டாம். வெறும் 220–240 என்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நம்ம 1500 வாட் கெட்டிலை அங்கே செருகினால் வெடிக்காது, ஆனால் சுமார் 280 வாட்தான் இழுக்கும். வோல்டேஜ் பாதிக்கும் கீழே போனால், சூடு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இங்கே நாலு நிமிடத்தில் கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அங்கே இருபது நிமிடம் தாண்டும். ஹோட்டல் அறையில் பெரும்பாலும் கெட்டில் இருக்கும், எதற்கு வம்பு?

ஆபத்து திரும்பி வரும்போதுதான். அங்கே ஆசையாக வாங்கிய 100 வோல்ட் ரைஸ் குக்கரை இங்கே நேரடியாகச் செருகினால் ஐந்து மடங்குக்கும் மேல் வாட் இழுக்கும், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு கருகிவிடும். குக்கரின் வாட்டைவிடக் கூடுதல் திறனுள்ள, 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது சில கிலோ கனக்கும். வெளிநாட்டவருக்கென்றே 220–240 வோல்ட் மாடல்கள் அங்கே டியூட்டி ஃப்ரீ கடைகளில் கிடைக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: மின்சாரத்தின் அதிர்வெண் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. சார்ஜருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்று பின் லேப்டாப் வயரை இரண்டு பின் அடாப்டரில் மாட்டினால் எர்த் கிடைக்காது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கலாம்.